காசு வைக்காத ரம்மி: எட்டு வருடம் ஆடி, எழுதிவைத்த அனுபவம்

2017 தீபாவளிக்கு முந்தின வாரம் வாங்கிய இரண்டு பிளாஸ்டிக் சீட்டுக்கட்டும் இன்னும் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இருக்கின்றன. கூடவே ஆட்டங்களை எழுதிவைத்த மூன்று நோட்டு. சனி, ஞாயிறு ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததும் பாயை விரிப்போம். அத்தை, அண்ணன், மதினி, நான் என்று நாலு கை. 13 சீட்டு ரம்மி, 101 கணக்கு. காசு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ரம்மியில் எது உழைத்துக் கற்றுக்கொள்ளக் கூடியது, எது வெறும் கைவாகு, அதாவது அதிர்ஷ்டம், சீட்டும் நோட்டும் ஃபோன் ஆப்பும் அதற்கு எவ்வளவு உதவின என்று எட்டு வருடத்துக்குப் பிறகு சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் சீட்டு. தூத்துக்குடியில் காகிதச் சீட்டு ஆறு மாதம் தாங்காது. உப்புக்காற்றில் ஊறி ஓரம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். எங்களிடம் முன்பு இருந்த காகிதக் கட்டில் ஒரு ஜோக்கரின் இடது மூலை மடிந்து வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அது யார் கையில் இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும். தெரிந்த பிறகு அங்கே ஆட்டம் ஏது? அதனால்தான் பிளாஸ்டிக். விலை காகிதக் கட்டைப் போலப் பல மடங்கு, ஆனால் எட்டு வருடம் வந்திருக்கிறது. அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். ஃபேன் காற்றில் பறக்காது. குறை என்றால், புதிதில் மீனைப் போல வழுக்கும். மே மாதப் புழுக்கத்தில் கை வியர்த்தால் இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக வரும். எண்ணிப் போடுங்கள். இன்னொன்று, இரண்டு கட்டுக்கும் முதுகு ஒரே நிறம், ஒரே படமாக இருக்கட்டும். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று வாங்கினால், திறந்து எடுத்த சீட்டு கையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று முதுகைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

கலைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரம்மி முடிந்ததும் எல்லோரும் செட்டு செட்டாகத்தான் சீட்டைக் கீழே வைக்கிறோம். அதை அப்படியே சேர்த்து, கையில் நாலு தடவை தட்டிப் போட்டால், போன ஆட்டத்தின் கூட்டமே அடுத்த ஆட்டத்திலும் கொத்தாக வரும். இரண்டு பாதியாகப் பிரித்து, விரலால் படபடவென்று விட்டுக் கோர்க்கிறோமே, அந்தக் கலைப்பில் 52 சீட்டு நன்றாகக் கலைய ஏழு முறை வேண்டும் என்று டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992இல் எழுதிய கட்டுரை பிரபலம். நம்முடையது இரண்டு கட்டும் இரண்டு அச்சு ஜோக்கரும் சேர்ந்து 106 சீட்டு, ஏழு போதாது. நாங்கள் பாயில் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, நாலு கையும் போட்டு ஒரு நிமிடம் துழாவுகிறோம். அப்புறம்தான் அடுக்கிக் கலைப்பு. இதைப் பழக்கமாக்கிய பிறகு கைகள் மாறிய விதம் எனக்கே தெரிந்தது. கொத்துக் கொத்தாக நல்ல கை வருவது குறைந்து, யோசிக்க வேண்டிய கைகள் கூடின.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஆளுக்கு 13 சீட்டு. முறை வரும்போது கட்டிலிருந்தோ, முன்னவர் திறந்து போட்டதையோ ஒன்று எடுத்து, ஒன்றைப் போட வேண்டும். வரிசை என்றால் ஒரே நிறத்தில் (ஆட்டின், இஸ்பேட், கிளாவர், டைமன் இவற்றில் ஒன்று) அடுத்தடுத்து வரும் மூன்றோ அதிகமோ சீட்டு; செட்டு என்றால் வேறு வேறு நிறத்தில் ஒரே எண். ஜோக்கர் எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும்; அச்சு ஜோக்கர் தவிர, ஒவ்வொரு ஆட்டத்திலும் வெட்டி எடுக்கும் ஒரு சீட்டின் எண்ணும் ஜோக்கர்தான். ஜோக்கர் சேராத ஒரு வரிசை கட்டாயம்; எங்கள் பக்கம் அதை ஒரிஜினல் ரம்மி என்போம். இன்னொரு வரிசையும் வேண்டும், அதில் ஜோக்கர் சேரலாம். மீதி வரிசையோ செட்டோ எதுவானாலும் சரி. ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து முடித்து டிக் அடித்ததும் மற்றவர்கள் கையில் சேராமல் கிடக்கும் சீட்டின் புள்ளி அவரவர் கணக்கில் ஏறும். படச்சீட்டுக்கும் ஏஸுக்கும் பத்துப் பத்து. இரண்டு வரிசையும் இல்லையென்றால் மொத்தக் கையும் எண்ணப்படும், அதிகபட்சம் 80. ஆரம்பத்திலேயே ஆடாமல் கையைக் கவிழ்த்தால் ஸ்கூட், 20 புள்ளி. நடுவில் கவிழ்த்தால் 40. 101ஐத் தொட்டவர் அவுட்.

முதல் இரண்டு வருடம் நான் என் கையை மட்டுமே பார்த்து ஆடினேன். சீட்டை நிறவாரியாக அடுக்குவது, மாற்றி அடுக்குவது, எது வரும் என்று ஏங்குவது. அத்தை எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பார்: "ஏல, கையப் பாக்காத. கீழ பாரு." எனக்கு அது புரியவில்லை. புரியவைத்தது அண்ணன் மகனின் செஸ் வகுப்பு. போட்டியில் ஆடும்போது ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும் என்பது செஸ்ஸில் விதி. அவன் தோற்ற ஆட்டத்தின் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, பலகையில் மறுபடி நகர்த்தி, "இங்கதான் சித்தப்பா தப்பு பண்ணேன்" என்று காட்டினான். பத்து வயதுப் பையன் தன் தோல்வியைக் காய் காயாகத் திரும்பிப் பார்க்கிறான். எனக்கு என் ரம்மித் தோல்வியில் ஒரே ஒரு சீட்டுகூட ஞாபகம் இல்லை. அந்த வாரமே நோட்டு போட்டேன்.

நோட்டில் எழுதுவது கொஞ்சம்தான். ஆட்ட எண், அன்றைய ஜோக்கர், கைக்கு வந்த 13 சீட்டு, ஸ்கூட்டா ஆட்டமா, கடைசியில் எத்தனை புள்ளி, நான் போட்ட எந்தச் சீட்டை அடுத்தவர் எடுத்தார். சீட்டு வந்ததும் அரை நிமிடத்தில் கிறுக்கிவிடலாம். மதினிக்கு முதலில் எரிச்சல், "பரீட்சையா எழுதுறீங்க?" என்றார். பிறகு அவரே ஆட்டம் முடிந்ததும் நோட்டை வாங்கிப் பார்க்க ஆரம்பித்தார்.

2019இல் எழுதிய ஒரு கையை இங்கே அப்படியே தருகிறேன். ஜோக்கர் 9. கையில் ஆட்டின் 5, 6, ராணி; இஸ்பேட் 6, ஜாக்கி, ஏஸ்; கிளாவர் 3, 8, ராஜா; டைமன் 2, 10, ராஜா; ஒரு அச்சு ஜோக்கர். ஜோக்கர் இருக்கிறது, ஒரு ஜோடி ஆறு, ஒரு ஜோடி ராஜா, ஆடலாம் என்று இறங்கினேன். 80 வாங்கினேன். பக்கத்தில் 'கைவாகு இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அது தப்பு. இந்தக் கையில் ஒரிஜினல் ரம்மிக்கு வழி ஆட்டின் 5-6 மட்டுமே. அதற்கு ஆட்டின் 4 அல்லது 7 வர வேண்டும். இரண்டு கட்டிலும் சேர்த்து அப்படி நாலு சீட்டு. 106இல் என் கை 13, வெட்டிய ஜோக்கர், திறந்த முதல் சீட்டு போக, என் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 91. கட்டிலிருந்து எட்டு முறை எடுத்தாலும் அந்த நாலில் ஒன்று வர வாய்ப்பு பத்தில் மூன்றுதான். எனக்கு முன்னால் ஆடுபவர் போட்டு உதவினாலொழிய, அந்தக் கை பத்தில் ஆறேழு முறை ஒரிஜினல் இல்லாமலேதான் எட்டுச் சுற்றைத் தாண்டும். ஜோக்கர் ஒரிஜினலுக்கு உதவாது என்பதை நான் கைக்கு வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டேன்.

இங்கேதான் ஸ்கூட் கணக்கு வருகிறது. நாலு பேர் ஆடும்போது சராசரிக் கை நாலுக்கு ஒன்று ஜெயிக்கும். நாலு ஆட்டமும் ஸ்கூட் விட்டால் 80 புள்ளி ஏறும். ஆடினால் ஒன்றில் ஜெயித்து, மீதி மூன்றில் வாங்குவது மொத்தம் 80க்குள் இருக்க வேண்டும், அதாவது தோற்கும்போது சராசரியாக 26க்கு மேல் போகக் கூடாது. எட்டுக்கு ஒன்று ஜெயிக்கும் சுமாரான கையென்றால் இந்த எல்லை 23க்கும் கீழே வந்துவிடும். ஜெயித்தால் மற்ற மூவருக்கும் புள்ளி ஏறுகிறது என்பதால் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஆனாலும் விஷயம் மாறாது. ஸ்கூட் விடுவதா வேண்டாமா என்று யோசிக்கும்போது நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி 'இதில் ஜெயிப்பேனா?' கேட்க வேண்டிய கேள்வி 'தோற்றால் எத்தனை வாங்குவேன்?' இரண்டு வரிசையும் சீக்கிரம் அமையும் கையென்றால் தோற்றாலும் பத்துப் பதினைந்தோடு போகும். அமையாத கைக்கு மூன்று ஜோக்கர் இருந்தாலும் மிச்சச் சீட்டெல்லாம் எண்ணத்தான் படும்.

ஜோக்கரைப் பற்றி எல்லோருக்கும் ஒரு மனக்குறை உண்டு, எனக்கு மட்டும் வரவே இல்லை என்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜோக்கராக வெட்டிய சீட்டு கட்டுக்கு அடியில் போய்விடும், அதே எண்ணில் மீதி ஏழு, அச்சு ஜோக்கர் இரண்டு, ஆக ஒன்பது. 105 சீட்டில் ஒன்பது. ஒரு கைக்குச் சராசரி ஒன்றுக்குச் சற்று அதிகம். ஒன்றுகூட வராத கை நூற்றில் 29. அதாவது மூன்றரை ஆட்டத்துக்கு ஒருமுறை ஜோக்கர் இல்லாத கை வருவது இயற்கை. இது தெரிந்த பிறகு ஜோக்கர் இல்லாத கையை நான் சாபமாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரிஜினல் கையிலேயே வந்திருந்தால் ஜோக்கர் இல்லாமலும் ஆடுகிறேன்.

101 ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், 40க்கும் 41க்கும் நடுவில். 40இல் இருப்பவருக்கு மூன்று ஸ்கூட் பாக்கி: 60, 80, 100. 41இல் இருப்பவருக்கு இரண்டுதான்: 61, 81, மூன்றாவது 101, அவுட். ஒரே ஒரு புள்ளியில் ஒரு ஸ்கூட் போகிறது. 20, 60, 80 எல்லாவற்றிலும் இதே கதை. 80 வரை ஸ்கூட் உண்டு, 81 ஆனால் வருகிற கையை ஆடித்தான் ஆக வேண்டும். இதைக் கவனித்த பிறகு தோற்கப்போகிற ஆட்டத்தின் கடைசி இரண்டு சுற்றை நான் ஆடும் விதமே மாறிவிட்டது. என் கணக்கு 34 என்றால், கையில் ஆறு புள்ளிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பார்க்கிறேன். நல்ல செட்டு வரும் வாய்ப்பிருந்தாலும் அந்த ஒற்றை எட்டைப் போட்டுவிட்டு மூன்றை வைத்துக்கொள்கிறேன். எட்டு வருடத்தில் என் ஆட்டத்தை அதிகம் மாற்றிய ஒரே விஷயம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அத்தைக்கு இது எப்போதோ தெரியும். அவர் சொல்லும் பாஷை வேற: "ஸ்கூட்டு கைக்காசு மாதிரில, எண்ணிச் செலவழி."

ரம்மி ஆடும் இடத்திலெல்லாம் கேட்கும் இன்னொரு பேச்சு, ஏழு ரொம்ப நல்ல சீட்டு என்பது. எழுதிப் பாருங்கள். மூன்று சீட்டு வரிசையில் ஏழு சேரும் இடம் மூன்று: 5-6-7, 6-7-8, 7-8-9. சரி, மூன்று எத்தனை இடத்தில் சேரும்? ஏஸ்-2-3, 2-3-4, 3-4-5. அதுவும் மூன்றுதான். ராணிக்கும் மூன்று. 3 முதல் ராணி வரை எல்லாம் சமம். குறைந்தது ஏஸ், 2, ராஜா மட்டும். அவற்றுக்கு இரண்டிரண்டு இடம். ஆக, ஏழின் மேல் தனிப் பாசம் தேவையில்லை. புள்ளி குறைந்த 3, 4 கையில் நின்றால் தோற்கும்போது லாபம்.

ஜோடிகளை எடைபோடுவதும் இப்படித்தான். ஆட்டின் 5-6க்கு நாலு சீட்டு காத்திருக்கிறது. 5-7 என்று நடுவில் ஓட்டை என்றால் இரண்டு. ஏஸ்-2க்கும் இரண்டு. வேறு வேறு நிறத்தில் இரண்டு ஆறு இருந்தால் நாலு. ஆனால் ஆட்டின் 5, 6, அதோடு இஸ்பேட் 6 என்று மூன்றும் சேர்ந்து நின்றால் எட்டு. மூன்று சீட்டைத் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரு கொக்கியாகப் பார்க்கப் பழகினால், எதைப் போடுவது என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். புதிதாக யாராவது எங்களோடு உட்கார்ந்தால் நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

இனி 'கீழ பாரு'. 106 சீட்டையும் ஞாபகம் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் போட்ட சீட்டைப் புரட்டிப் பார்க்க விடமாட்டோம், மேல் சீட்டு மட்டும்தான் கண்ணில் படும். அதனால் வரிசை வைத்துப் பழகினேன். முதலில், எனக்குத் தேவையான சீட்டில் எத்தனை கீழே விழுந்துவிட்டது என்பது மட்டும். அது கைவந்த பிறகு, எனக்கு அடுத்தவர் திறந்த சீட்டில் எதை எடுத்தார் என்பது. அதற்கும் பிறகு, எதை எடுக்காமல் கட்டிலிருந்து இழுத்தார் என்பது. கடைசிதான் கஷ்டம், அதுதான் அதிகம் உதவுவதும். அண்ணன் கிளாவர் 8ஐ வேண்டாம் என்று விட்டால், என்னிடம் இருக்கும் இன்னொரு கிளாவர் 8ஐப் பெரும்பாலும் பயமில்லாமல் போடலாம். இரண்டு கட்டு ஆடுவதில் இருக்கும் வசதி இது. ஜோக்கருக்குப் பக்கத்துச் சீட்டும் ஓரளவு பத்திரம். ஜோக்கர் 9 என்றால், ஒன்பதை யாரும் வரிசையில் வீணாக்க நினைக்க மாட்டார்கள். அதனால் எட்டுக்கும் பத்துக்கும் கிராக்கி குறைவு.

ஒருநாள் அண்ணன் நான் போட்ட டைமன் 9ஐ எடுத்தார். இரண்டு சுற்று கழித்து என் கையில் உதவாமல் இருந்தவை டைமன் ஜாக்கியும் கிளாவர் ராஜாவும். இரண்டும் பத்துப் பத்துப் புள்ளி. ஒன்பதுக்குப் பக்கம் பத்துதானே, ஜாக்கி தள்ளித்தானே இருக்கிறது என்று ஜாக்கியைப் போட்டேன். அண்ணன் எடுத்தார், டிக் அடித்தார். அவர் கையில் 8-9-10 அமைந்திருந்தது, ஜாக்கி அதன் வால். அத்தை சீட்டைச் சேகரித்துக்கொண்டே சொன்னார்: "பதிமூணு சீட்டுல, மூணு மூணாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சுமா இல்லியா? அந்த ஒண்ணுக்குத்தான் அவன் காத்திருந்தான்." யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிய விஷயம். யார் டிக் அடிப்பதானாலும் குறைந்தது ஒரு கூட்டமாவது நாலு சீட்டாக வேண்டும். ஒருவர் 9 எடுத்துவிட்டார் என்றால் மேலே ஜாக்கி வரை, கீழே 7 வரை அந்த நிறம் எனக்கு நெருப்பு. அன்று ராஜாவைப் போட்டிருக்கலாம்.

ஃபோன் ஆப்பையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் போன நாட்களில் ஆடலாம் என்று இணையம் இல்லாமல் கம்ப்யூட்டரோடு ஆடும் ஒரு இலவச ஆப்பை இரண்டு வருடம் வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். கையை நொடியில் அடுக்கித் தருகிறது, புள்ளியைத் தானே கூட்டுகிறது. ஸ்கூட் விடுவதா என்று ஒரே ராத்திரியில் ஐம்பது கை பார்த்துப் பழகலாம். அந்த ஒன்றுக்கு அது நல்ல கருவி. ஆனால் எதிரே ஆடும் கம்ப்யூட்டர் காரணமில்லாமல் சீட்டை எடுக்கும், எடுத்ததையே அடுத்த சுற்றில் போடும். அதைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியாது. மூன்று மாதம் அதில் மட்டும் ஆடிவிட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, கீழே பார்க்கும் பழக்கம் எனக்குக் கழன்றுபோயிருந்தது. மறுபடி வரவழைக்க ஒரு மாதம் ஆயிற்று. அப்புறம் ஆப்பை எடுத்துவிட்டேன்.

காசு ஏன் வைப்பதில்லை என்றும் கேட்பார்கள். ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லியிருக்கிறது, ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில். விழுகிற சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும், மூணு சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அத்தை பாயில் உட்கார்ந்து சொன்னதும் அதேதான். ஆனால் திறமை மேலே தெரிய நிறைய ஆட்டம் வேண்டும். ஒரு ராத்திரியில் அத்தையைவிட மோசமாக ஆடி நான் ஜெயித்த நாட்கள் எத்தனையோ நோட்டில் இருக்கின்றன. காசு இருந்தால் அந்த ராத்திரிதான் ஆளை இழுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஃபோனில் காசு வைத்து ஆடிய ஒருவரால் நகையை எல்லாம் இழந்து நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இணைய ரம்மியைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் கொண்டுவந்து, அதில் ரம்மிக்கான பகுதியை 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கி, பிறகு 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றமே நிறைவேற்றியது. எனக்கு அதில் முழுச் சம்மதம். கற்றுக்கொள்ள வேண்டியவனுக்கும் காசு தடைதான். 80 வாங்கிய கையை ஆற அமரத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால், அந்தக் கையில் வீட்டு வாடகை போயிருக்கக் கூடாது.

இப்போது அத்தைக்குக் கண் கொஞ்சம் மங்கிவிட்டது. ராத்திரி வெளிச்சத்தில் ஆட்டினையும் டைமனையும் மாற்றிப் படிக்கிறார், அதில் அவருக்கு வருத்தம். அதனால் இந்தக் கட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மூலையில் எண் பெரிதாக அச்சிட்ட கட்டு இரண்டு வாங்கப்போகிறோம். இதிலும் ஒரே முதுகுதான். நாலாவது நோட்டும் வாங்கியாயிற்று. அண்ணன் மகனும் இப்போது ஐந்தாவது கையாக உட்காருகிறான், ஐந்து பேர் ஆனதால் ஸ்கூட் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது அத்தை கேட்டார், "ஏல, மூணாவது ஆட்டத்துல இஸ்பேட் நாலு வச்சிருந்தியே, எதுக்குப் போட்ட?" நான் நோட்டைப் புரட்டினேன். போட்டிருந்தேன். அதை மதினி எடுத்திருந்தார். ஏன் போட்டேன் என்று எழுதவில்லை. இந்த நோட்டில் அதற்கும் ஒரு கட்டம் போட்டுவைத்திருக்கிறேன்.